வெற்றிடம் நிரப்பப்பட்டது

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அந்த நிறுவனத்துக்கு எத்தனை மாடி என்று இன்று கேட்டால் நாலு என்பேன். நாளை கேட்டால் ஐந்து என்பேன். உத்தரவுகள் வந்த வரிசை முன்பின்னாக இருக்கலாம். இயக்குநர் இவ்வளவு தெளிவாகப் பேசக்கூடியவர் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், அவர் பேச்சை நான் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். ஆனால் நிலவறையில் இருந்த உருக்குக் கலத்தைப் பற்றியும், அதன் குறிப்பேட்டில் 'நான்' என்று தலைப்பிட்டிருந்த பத்தியைப் பற்றியும் தவறு இருக்காது. அதைச் சொன்னவள் தங்கச்சி. நேரம் என்ன என்று கேட்டால் விநாடியோடு சொல்கிறவள் அவள்.

தங்கச்சி என்பது அவள் பெயரல்ல. அவளுடைய சொந்த அக்கா அதே நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்தாள். நடைக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு "தங்கச்சீ" என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில், வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. அவளைவிடப் பத்து வயது இளைய இயக்குநரும் "என்ன தங்கச்சி, எல்லாம் நல்லபடியா?" என்றுதான் கேட்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

அக்கா படித்தாள். தங்கச்சி பம்பு ஓட்டினாள். சகோதரிகள் இருவரும் சேர்ந்து செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பானை அளவு உருக்குக் கலம் ஒன்று. அதற்குள்ளிருந்த காற்றையெல்லாம் தங்கச்சி வெளியேற்றிவிட்டாள். சுவரில் ஒட்டியிருந்த கடைசி ஈரத்தையும் விரட்டப் பதினேழு நாள் கலத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தாள். செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தில்கூட இதைவிடக் காற்று அதிகம். அந்த வெறுமையில் ஒரு லட்சத்துச் சொச்சம் ருபிடியம் அணுக்களை அக்கா ஒளிக்கற்றைகளால் தடவித் தடவிக் குளிர்விப்பாள். அதற்குமேல் குளிர்விக்க முடியாது என்ற எல்லைக்கு ஒரு மயிரிழை முன்பு நிறுத்தி, அந்த அணுத்திரளை ஒரு கண்ணாடித் தகட்டுக்கு மிக அருகே, தொட்டும் தொடாமலும், மிதக்க விடுவாள். அது அங்கே தொட்டில்போல ஆடும். கண்ணாடி இழுத்தால் ஆட்டம் கொஞ்சம் மந்தமாகும். எவ்வளவு மந்தம் என்று எண்ணினால் எவ்வளவு இழுப்பு என்று தெரியும். ஒரு தூசு தரையை அழுத்தும் பாரத்தை வைத்துப் பார்த்தால், இது அதன் கனவில் வரும் பாரம்.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எப்படிக்கா இழுக்குது?" என்று தங்கச்சி ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணுமில்லாதது சும்மா இருக்காதுடி" என்றாள் அக்கா. "அதுதான் இழுக்குது."

கண்ணாடி கொஞ்சம் சூடானால் இழுப்பும் கொஞ்சம் கூடும். கலத்தில் உள்ளங்கை அளவு சன்னல் ஒன்று உண்டு. தினமும் பதினொன்று பத்துக்கு அக்கா தேநீர்க் கோப்பையோடு படியிறங்கி வந்து அந்தச் சன்னலுக்கு எதிரே முக்காலியில் உட்காருவாள். அவள் உடம்புச் சூடு சன்னல் வழியாகப் போய்க் கண்ணாடியைத் தொடும். இழுப்பு ஒரு பொட்டு கூடும். நேர்மையான விஞ்ஞானி வராமல் இருப்பாள். அல்லது கணக்கில் கழிப்பாள். அக்கா கழித்தாள். குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு பத்தி போட்டு, தலைப்பில் 'நான்' என்று எழுதினாள்.

ஜனவரியில் அதே படியில் அக்கா விழுந்தாள். இதயம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் தங்கச்சி நிலவறைக்குத் திரும்பினாள். கருவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பம்பு முனகிக்கொண்டிருந்தது. குறிப்பேட்டைத் திறந்து விடுபட்ட நாட்களை நிரப்பத் தொடங்கினாள். 'நான்' என்ற பத்திக்கு வந்தபோது பூஜ்யம் என்று எழுதப் பேனாவை வைத்தாள். எழுதுமுன் பழக்கத்தில் திரையைப் பார்த்தாள்.

பூஜ்யம் இல்லை. பதினொன்று பத்துக்கு ஒரு பொட்டு கூடியிருந்தது. முந்தின நாளும். அதற்கு முந்தின நாளும். நிலவறை பூட்டிக் கிடந்த பதினைந்து நாட்களிலும்.

தங்கச்சி வெகுநேரம் அந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்களை ஒவ்வொன்றாக அந்தப் பத்தியில் எழுதினாள். காரணம் தேடவில்லை. காரணமாக இருக்கக்கூடியவை பத்துப் பன்னிரண்டு அவளுக்கே தெரியும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்திருக்கலாம். அக்கா இருந்திருந்தால் பார்க்காததற்குத் தலையில் குட்டியிருப்பாள்.

*

நிறுவனம் அக்காவுக்கு மலர்வளையம் அனுப்பியது. இயக்குநரே வந்து, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். ஆனால் அக்கா இறந்துவிட்டதாக அவள் கணவர், தங்கச்சியின் அத்தான், கொடுத்த கடிதத்தைப் பணியாளர் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது. பணியிலிருந்து நீங்குவதற்கான படிவத்தில் 'நீங்குபவரின் கையொப்பம்' என்ற கட்டம் காலியாக இருந்ததாம்.

பணியாளர் பிரிவின் நிர்வாக அதிகாரியை எல்லோரும் மேற்படியார் என்பார்கள். எந்தச் சொல்லுக்கு முன்னாலும் 'மேற்படி' போடாமல் அவருக்கு வாய் வராது. தாகம் எடுத்தால் மேற்படி தண்ணீர் கேட்பார். அதற்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது.

அந்த ஆண்டு இயக்குநர் ஒரு திட்டம் அறிவித்தார். 'வெற்றிடமற்ற நிறுவனம்.' ஆளில்லாத நாற்காலி ஒன்றுகூட இருக்கக்கூடாது. அந்த நிறுவனத்தின் அலுவலக மொழியில் ஆளில்லாத நாற்காலிக்கும் வெற்றிடம்தான் பெயர். ஆகவே, 'வெற்றிடம்' என்ற சொல் எந்தக் காகிதத்தில் இருந்தாலும் அது நேரே பணியாளர் பிரிவுக்குப் போகவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

தங்கச்சி தினமும் ஒரு தாள் எழுதுவாள். இருபது வருடமாக அது மூன்றாவது மாடியில் அளவியல் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் படித்ததில்லை. இப்போது அது மேற்படியாரிடம் போயிற்று. அவர் படித்தார்.

கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஏழு தாள்கள் விசிறிபோல விரிந்திருந்தன.

"என்னம்மா இது? 'வெற்றிடம் நல்ல நிலையில் உள்ளது.' நாலு வருஷமா மேற்படி இடத்தைக் காலியா வச்சிருக்கீங்க. அதுல நல்ல நிலை வேறயா?"

"சார், அது காத்து இல்லாத இடம். பம்பு வச்சு..."

"இதைக் கேளுங்க. 'நேற்றைவிட வெற்றிடம் மேம்பட்டிருக்கிறது.' எவ்வளவு துணிச்சல் இருந்தா மேம்பட்டிருக்குன்னு எழுதுவீங்க?"

"மேம்பட்டாத்தான் சார் அளக்க முடியும். காத்து உள்ள வந்துட்டா போச்சு."

"காத்து வருதோ வரலையோ, ஆள் வரணும்."

"ஆள் எப்படி சார் வர முடியும்? பானை அளவுதான் இருக்கு."

மேற்படியார் பேனாவை மூடினார். "மேற்படி பானைக்குத் தகுந்த ஆளைக் கண்டுபிடிக்கிறது எங்க வேலை. நீங்க கவலைப்படாதீங்க."

*

இரண்டு வாரத்தில் ஆள் வந்துவிட்டார். எடைக்கல் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர், ஒல்லியான மனிதர். ஒல்லி என்பதால்தான் தேர்ந்தெடுத்தார்களாம். கையில் உத்தரவையும் குடையையும் பிடித்தபடி நிலவறை வாசலில் நின்றார்.

"இங்க வெற்றிடம் எது?"

தங்கச்சி காட்டினாள். எடைக்கல்காரர் குனிந்து சன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே மங்கலான ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"இதுக்குள்ளயா?"

"அப்படித்தான் உத்தரவு போல."

"பக்கத்துல உக்காந்துக்கலாம்னா, 'வெற்றிடத்தில்'னு ஏழாம் வேற்றுமை போட்டுட்டாங்க" என்றார் அவர், உத்தரவைத் திருப்பிக் காட்டி. "'வெற்றிடத்துக்கு'ன்னு போட்டிருந்தா சமாளிச்சிருக்கலாம். எங்க பிரிவுல இலக்கணம் தெரிஞ்ச ஒரே ஆள் நான். அதனாலதான் மாத்திட்டாங்கன்னு நினைக்கிறேன்."

வேறு வழியில்லாமல் அவர் முக்காலியில் உட்கார்ந்தார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை உட்கார்ந்தார். கண்ணாடி சூடேறியது, இழுப்பு கூடியது. தங்கச்சி குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டு 'இவர்' என்று தலைப்பிட்டுக் கழித்தாள். அவர் அசையாத மனிதர், அதனால் எண் சீராக வந்தது. அதற்கு மேலாக, பதினொன்று பத்துக்கு, அந்தப் பழைய பொட்டு தனியே எழுந்தது.

எட்டாம் நாள் எடைக்கல்காரர் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார்.

"'இவர்'னா நான். புரியுது. இந்த 'நான்' யாரு?"

தங்கச்சி பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எங்கக்கா."

அவர் எழுந்தார். முக்காலியைத் தூக்கி ஒரு முழம் தள்ளிப் போட்டு, பேருந்தில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மருத்துவக் குழு வந்தது. ஒருவர் எடைக்கல்காரரின் தோளை அளந்தார்; இன்னொருவர் சன்னலை அளந்தார். மூன்றாமவர் இரண்டையும் எழுதிக் கழித்துப் பார்த்தார். 'மேற்படி வெற்றிடத்தை நிரப்ப உடல்தகுதி அற்றவர்' என்று சான்று கொடுத்தார்கள். முயற்சிக்காமலேயே தகுதியற்றவர் என்று எப்படிச் சொல்லலாம் என்று மேற்படியார் எதிர்க்குறிப்பு எழுதினார். எடைக்கல்காரர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது முக்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

*

பிறகு படிவம் வந்தது. 'வெற்றிடம் நிரப்பப்பட்டதா? ஆம் / இல்லை.' இல்லை என்று எழுதினால் மாத இறுதியில் இயக்குநர் முன்னிலையில் நிரப்பப்படும் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. எதனால் நிரப்புவார்கள் என்று தங்கச்சி விசாரித்தாள். முடிவாகவில்லை, காற்று எளிதாகக் கிடைக்கும் என்றார்கள்.

காற்று புகுந்தால் நாலு வருட உழைப்பு நாலு விநாடியில் போய்விடும். அக்கா தொடங்கிய அளவீடு முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. தங்கச்சிக்கு அளவீட்டைவிட அந்தப் பொட்டுதான் முக்கியம், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

'ஆம்' என்று எழுதினாள். 'யாரால்?' என்ற கட்டத்தில், உண்மையைத்தான் எழுதினாள்: ருபிடியம், ஒரு லட்சத்து நாலாயிரம்.

அரைமணி நேரத்தில் மேற்படியார் மூச்சு வாங்கப் படியிறங்கி வந்தார்.

"ஒரு லட்சத்து நாலாயிரம் பேரா? யாரைக் கேட்டு நியமிச்சீங்க?"

"சார், அது அணு."

"அணுவோ கிணுவோ, எந்தக் குடும்பமா வேணா இருக்கட்டும். மேற்படி ஆட்களோட பட்டியல், கல்விச் சான்று, பிறந்த தேதி, எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். ஒவ்வொருத்தருக்கும் தனிக் கோப்பு."

"ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே கிடையாது சார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சொன்னபடி ஆடும். சொன்ன இடத்துல நிக்கும்."

மேற்படியாரின் முகத்தில் முதன்முறையாக ஒரு கனிவு வந்தது. "அப்படிப்பட்ட ஆட்கள் இருக்காங்களா?" என்றார். சன்னலுக்குள் ஆசையோடு பார்த்தார். பிறகு தலையை உதறிக்கொண்டு, "பட்டியல் வேணும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

தங்கச்சி புதிய படிவத்தை எடுத்தாள். கை தானாக எழுதியது என்று பின்னாளில் சொன்னாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'யாரால்?' என்ற கட்டத்தில் அக்காவின் பெயரையும் ஊழியர் எண்ணையும் எழுதினாள்.

அன்றே ஒப்புதல் வந்தது. எண் செல்லுபடியாகும் எண். ஊழியர் பணியிலிருந்து நீங்கியதாகப் பதிவு எதுவும் இல்லை. படிவத்தின் குறுக்கே நீல மையில் முத்திரை விழுந்தது: வெற்றிடம் நிரப்பப்பட்டது.

*

அதன்பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. நிலவறைக்கல்ல, அக்காவின் வீட்டுக்கு.

அத்தான் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்ததில் சொந்தமாகப் பேசுவது குறைந்துபோயிருந்தது. முதல் கடிதம், 'தாங்கள் கடந்த மாதம் முழுவதும் தவறாது பணிக்கு வந்தமையைப் பாராட்டுகிறோம்' என்றது. அத்தான் சிவப்பு மையை எடுத்து 'வந்தமையை' என்பதை அடித்து, ஓரத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதி, பிழைதிருத்தக் குறியும் போட்டுத் திருப்பி அனுப்பினார். திருத்தம் உரிய படிவத்தில் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டாவது கடிதம் கண் பரிசோதனைக்கு அழைத்தது. மூன்றாவது, கூட்டத்தில் கருத்து எதுவும் தெரிவிக்காமல் ஒத்துழைத்ததற்கு நன்றி சொன்னது. நாலாவது, பதவி உயர்வு. எல்லாவற்றையும் அத்தான் சிவப்பு மையால் திருத்தி அனுப்பினார். தங்கச்சிக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போவாள், மேசைமேல் உறைகள் இருக்கும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். தானே அந்தப் பெயரை எழுதிக் கொடுத்ததை அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல நினைத்துக்கொண்டு போய், சொல்லாமல் திரும்பினாள்.

அக்கா போய் ஆறு மாதமாயிற்று. ஒரு ஞாயிறு மேசைமேல் உறை பிரித்துக் கிடந்தது. கடிதத்தில் சிவப்பே இல்லை.

"அத்தான், இதைத் திருத்தி அனுப்பலையா?"

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மறுபடி எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும், விரலை எழுத்துக்கு எழுத்து நகர்த்திப் படித்தார்.

"ரெண்டு தடவை பார்த்தேன்" என்றார். "பிழை ஒண்ணும் இல்லையே."

தங்கச்சி கோப்பையைக் கீழே வைத்தாள். அப்போதுதான் வாசலில் அக்காவின் செருப்பு துடைத்து, வெளியே பார்த்தபடி ஜோடியாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தாள்.

"அங்கதானே இருக்கா?" என்றார் அத்தான், அவளைப் பார்க்காமல். "நீ தினமும் பாக்குறியா?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. குறிப்பேட்டில் தினமும் எழுதுகிறவள் அவள்தான்.

"எப்ப வருவான்னு ஏதாவது சொன்னாளா?"

*

மறுநாள் தங்கச்சி ஆறு மாதம் தள்ளிப்போட்ட வேலையைச் செய்தாள். காரணமாக இருக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாக அணைத்தாள். விளக்கு, காற்றோட்ட விசிறி, மேல்மாடி நகலெடுக்கும் இயந்திரம். எதிலும் மாற்றமில்லை. ஒன்பதாம் நாள், சுவருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் ஒன்று போவதைக் கண்டுபிடித்தாள். உணவகக் கொதிகலன் வாரம் ஏழு நாளும் பதினொரு மணிக்குத் தானே இயங்குமாம்.

உணவகக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு நிறுத்தணுமா? என்னம்மா, அணுகுண்டு கிண்டு பண்றீங்களா?" என்றார்.

"அதைவிடச் சின்னது."

"சின்னதுக்கே வெந்நீரை நிறுத்தணும்னா பெரிசுக்கு என்னென்ன கேப்பீங்களோ" என்று குழாயைத் திருகினார்.

அன்று பதினொன்று பத்துக்குத் தங்கச்சி திரையின் முன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொட்டு பாதியாகியிருந்தது.

பாதி அக்கா அல்ல, வெந்நீர். இத்தனை வருடம் தன்னைக் கழிப்பதாக நினைத்து அக்கா வெந்நீரையும் சேர்த்தே கழித்திருக்கிறாள். தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது. சொன்னால் அக்காவும் சிரித்திருப்பாள்.

மீதிப் பாதி இருந்தது. அணைப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. காரணம் தெரியாத விசையைப் பதிய நிறுவனத்தில் ஒரு படிவம் உண்டு. அதில் 'விசைக்குப் பொறுப்பான அலுவலர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் சமர்ப்பிக்க முடியாது. அவள் சமர்ப்பிக்கவில்லை.

*

அக்டோபர் ஒன்பதாம் தேதி 'வெற்றிடமற்ற நிறுவனம்' விழா நடந்தது. காலை பத்தரைக்கு. அரங்கம் நிறைந்திருந்தது, காலி நாற்காலி தெரியக்கூடாது என்று மிச்ச நாற்காலிகளை முந்தின நாளே அகற்றியிருந்தார்கள். ஆண்டின் சிறந்த ஊழியராக அக்கா தேர்வாகியிருந்தாள்.

குடும்பத்தாருக்கு அழைப்பு போயிருந்தது. அத்தான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, சவரம் செய்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தார். தங்கச்சி அவருக்குப் பின்னால் நின்றாள்.

இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, ஒரு நல்ல ஊழியர் எப்படி இருக்கவேண்டும் என்று என்னைக் கேட்பார்கள். நான் இந்த அம்மையாரைக் காட்டுவேன். கடந்த ஒன்பது மாதத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. ஒரு கோரிக்கை வைத்ததில்லை. ஒரு கூட்டத்தில் மறுத்துப் பேசியதில்லை. அவரது அறையில் மின்விளக்குகூட எரிவதில்லை! உயிரோடு இருக்கும் பலர் இவரிடம் கற்றுக்கொள்ளவேண்டும் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்."

கைதட்டல். மேற்படியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிலர் கேட்கிறார்கள், இந்த நிறுவனம் எதை அளக்கிறது என்று. நாம் எதையும் விட்டுவைப்பதில்லை என்பதே என் பதில். கண்ணுக்குத் தெரியாத விசைகளையெல்லாம் அளக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிறவற்றை அளக்க மற்ற துறைகள் இருக்கின்றன. நான் பதவியேற்றபோது இங்கே நாற்பத்தொரு வெற்றிடங்கள். இன்று ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை! இதை நான் பெருமையோடு சொல்கிறேன். அம்மையாரை மேடைக்கு அழைக்கிறேன்."

எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். மேடை நோக்கி யாரும் வரவில்லை. கைதட்டல் ஓயாமல் நீண்டது. முதலில் நிறுத்துகிறவர் யார் என்ற பயம் அதில் இருந்தது. அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். எடைக்கல்காரர் மட்டும் குடையைப் பிடித்திருந்ததால் தட்டவில்லை.

அத்தான் எழுந்து நின்றார். இடப்பக்கக் கதவைப் பார்த்தார். வலப்பக்கக் கதவைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பி, தங்கச்சியின் காதருகே கேட்டார்.

"எந்தப் பக்கமா வருவா?"

தங்கச்சி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அத்தான், அந்தப் பேரை எழுதிக் குடுத்தது நான்தான்" என்றாள்.

கைதட்டலில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ. "ம்" என்றார்.

அவள் நடைக்கூடத்தைக் கடந்து, படியிறங்கி, நிலவறைக் கதவைத் திறந்தாள். மேலே கைதட்டல் இன்னும் கேட்டது. நேரம் எத்தனை என்று பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. அவள் ஒழுங்காக வேலை செய்கிறவள். முதலில் ஒளிக்கற்றைகளை அணைத்தாள், பிறகு கருவியின் மின்சாரத்தை, பிறகு பம்பை. இருபது வருடத்தில் முதன்முறையாக அறை அமைதியாயிற்று. "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டாள், அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில்.

கலத்தின் அடைப்பானில் கையை வைத்துத் திருகினாள். காற்று உள்ளே போகும் சத்தம், யாரோ பெருமூச்சு விடுவதுபோல, நாலு விநாடி கேட்டது.

அன்றைய தாளில் இரண்டே சொற்கள் எழுதி மேற்படியாரின் மேசையில் வைத்தாள்: வெற்றிடம் இல்லை.

*

வெற்றிடமே இல்லாதபோது அதை நிரப்பிக்கொண்டிருப்பவர் தேவையில்லை என்று பணியாளர் பிரிவு முடிவு செய்தது. தேவையற்றவரை நீக்க அவருடைய கையொப்பம் வேண்டியதில்லை என்று விதி இருந்தது. ஒரே வாரத்தில் எல்லாம் நடந்தது; அத்தான் கொடுத்திருந்த இறப்புக் கடிதமும் ஏற்கப்பட்டது.

இயக்குநர் இதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு இயக்குநரானார். மேற்படியார் ஓய்வு பெற்றார். அவரிடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. எடைக்கல்காரர் எடைக்கல் பிரிவுக்கே திரும்பினார். கலத்தைக் கழற்றிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அளவீடு முற்றுப்பெறாததால் வெளியிடப்படவில்லை. தங்கச்சி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தாள். அத்தான் அவளோடு எட்டு மாதம் பேசவில்லை, பிறகு பேசினார். நிறுவனத்திலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது, அதைத் திருத்திவிட்டு அலமாரியில் வைத்தார்.

அக்கா, அந்தக் கடிதத்தின்படி, அக்டோபர் ஒன்பதாம் தேதி முற்பகலில் இறந்தாள்.